டிரஸ்டிக்குத் துணை நிற்கும் உத்தியோகம்

அறங்காவலர் என்றதும் நமக்குக் கோயில் நிர்வாகம்தான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் டிரஸ்டி எனப்படும் அறங்காவலர்களில் பலர் காப்பது ஓய்வூதிய நிதியை. தொழிலாளிக்குப் பின்னாளில் போய்ச்சேர வேண்டிய பணத்தைக் கம்பெனிக் கணக்கிலிருந்து பிரித்து ஒரு டிரஸ்டில் வைப்பார்கள். அதற்குப் பொறுப்பாளிகள் டிரஸ்டிகள். 2004ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டப்படி அவர்களில் மூன்றில் ஒரு பங்காவது திட்ட உறுப்பினர்கள் முன்மொழிந்தவர்களாக இருக்கவேண்டும். அதனால் ஒரே மேசையில் கம்பெனியின் நிதி இயக்குநரும், லேத் பட்டறைக்காரரும், ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே ஆக்சுவரி (எதிர்கால ஓய்வூதியச் செலவைக் கணக்கிடும் நிபுணர்), வக்கீல், முதலீட்டு ஆலோசகர். அந்த மூவரும் மணிக்கணக்குக் கட்டணத்துக்கு வந்தவர்கள்.

அந்த லேத் பட்டறைக்காரருக்குத் துணையாக இருக்கத்தான் லாபநோக்கற்ற சங்கங்கள் உண்டு. உறுப்பினர் முன்மொழிந்த டிரஸ்டிகளுக்கென்றே தனிச் சங்கம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் மூத்த மேலாளர் வேலைக்கு விளம்பரம் வரும்போது ‘கொள்கை, பயிற்சி, உறுப்பினர் சேவை, கூட்டாண்மை’ என்று நான்கு சொல் இருக்கும். படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. உண்மையில் வேலை ஒன்றே ஒன்றுதான்: சம்பளம் வாங்காத டிரஸ்டி, கட்டணம் வாங்கும் நிபுணரிடம் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்கும்படி செய்வது. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

கேள்வி கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ராபர்ட் மேக்ஸ்வெல். 1991 நவம்பரில் அவர் கடலில் விழுந்து இறந்தபிறகுதான் அவருடைய கம்பெனிகளின் ஓய்வூதிய நிதிகளில் சுமார் 46 கோடி பவுண்டு இல்லை என்பது வெளியே வந்தது. பணத்தை நிர்வகித்த கம்பெனியும் அவர் கைக்குள்தான் இருந்தது. அதன் விளைவாக வந்தது 1995ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம். 2004 சட்டம் இன்னொரு படி மேலே போய், டிரஸ்டிக்கு அறிவும் புரிதலும் கட்டாயம் என்றது. டிரஸ்ட் பத்திரம், திட்ட விதிகள், முதலீட்டுக் கோட்பாட்டு அறிக்கை ஆகியவை அவருக்கு நன்றாகப் பழகியிருக்க வேண்டும். டிரஸ்ட் சட்டமும் நிதியளிப்பு, முதலீட்டின் அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். இதற்குப் புது டிரஸ்டிக்கு ஆறு மாதம் அவகாசம். ஓய்வூதியத் திட்டங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் இணையத்தில் இலவசப் பாடத்தொகுப்பும் வைத்திருக்கிறது.

அந்தப் பாடத்தொகுப்பை முடித்தவரால் தேர்வில் பாஸாக முடியும், கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. பயிற்சி வகுப்பு வைக்கிற மேலாளர் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டத்தை மறுபடியும் ஒப்பிக்கிற வகுப்பு வீண். ஒரு கூட்டத்துக்கு வரும் கட்டு 200 பக்கம் இருக்கும், அதை எந்த வரிசையில் படிப்பது என்பதைச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. முதலில் போன கூட்டத்தின் முடிவுகள், யார் எதை முடிக்கவில்லை என்று. அடுத்து, ஆபத்தின் அளவுக்கேற்ப நிறம் போட்ட இடர்ப் பட்டியலில் நிறம் மாறிய வரிகள். பிறகு நிதிநிலை. கடைசியாகத்தான் முதலீட்டு மேலாளரின் பளபளப்பான வரைபடங்கள். பெரும்பாலோர் தலைகீழாகப் படித்து, வரைபடத்திலேயே களைத்துப்போகிறார்கள்.

பயிற்சிக்கு 2022 செப்டம்பரைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதைக் கணக்காகவே சொல்லித்தர வேண்டும், கதையாகச் சொன்னால் யாருக்கும் ஒட்டாது.

ஒரு திட்டம் எதிர்காலத்தில் கொடுக்கவேண்டிய ஓய்வூதியங்களின் இன்றைய மதிப்பு 10 கோடி பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கவேண்டிய காலம் சராசரியாக 20 ஆண்டு. வட்டி குறைந்தால் அதே ஓய்வூதியத்துக்கு இன்றே அதிகப் பணம் வைத்திருக்க வேண்டும்: நீண்டகால வட்டி 1 சதவீதம் இறங்கினால் (4 சதவீதம் 3 ஆவதுபோல்) அந்த 10 கோடி ஏறக்குறைய 12 கோடியாகும். வட்டி ஏறினால் அதே அளவு குறையும். இந்த ஆட்டத்தைச் சமாளிக்க நீண்டகால அரசுக் கடன்பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அங்கே அதற்குக் கில்ட் என்று பெயர். ஆனால் இருக்கிற பணம் முழுவதையும் கில்டில் போட்டால் வளர்ச்சிக்குப் பங்குகளில் போட ஒன்றும் மிஞ்சாது. ஆகவே கடன் வாங்கிப் பெருக்கினார்கள். 3 கோடி போட்டு 9 கோடிக்கான கில்டைப் பிடித்தார்கள், அதாவது மூன்று மடங்கு.

இப்போது வட்டி 1 சதவீதம் ஏறுகிறது. வட்டி ஏறினால் கையிலிருக்கும் கில்டின் விலை விழும். 9 கோடியில் 20 சதவீதம், 1.8 கோடி நஷ்டம். போட்ட 3 கோடியில் மிச்சம் 1.2 கோடி. இன்னும் 0.67 சதவீதம் ஏறினால் அதுவும் போய்விடும். கடன் கொடுத்தவர் அதுவரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், கூடுதல் ஈடு கேட்பார், அதுவும் உடனே. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் அரசு, கடன் வாங்கி வரியைக் குறைக்கும் ‘மினி பட்ஜெட்’ அறிவித்தது. அடுத்த சில நாட்களுக்குள் 30 ஆண்டுக் கில்ட் வட்டி ஒரு சதவீதத்துக்கு மேல் எகிறியது. ஈடு கட்டப் பணம் வேண்டி எல்லோரும் கில்டையே விற்றார்கள். விற்றதால் விலை இன்னும் விழுந்தது. 28ஆம் தேதி மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து தானே வாங்க இறங்கியது. அக்டோபர் 14க்குள் 1,930 கோடி பவுண்டு அளவுக்கு வாங்கிற்று.

இதில் டிரஸ்டிகள் கவனிக்கத் தவறுகிற நுட்பம் ஒன்று உண்டு. வட்டி ஏறியதால் அவர்கள் கொடுக்கவேண்டிய தொகையின் மதிப்பும் குறைந்தது, காகிதத்தில் பல திட்டங்களின் நிலை முன்பைவிட மேம்பட்டது. இல்லாமல் போனது கைக்காசு. பங்குகளை விற்றுப் பணம் கைக்கு வரச் சில நாள் ஆகும், கட்டடச் சொத்து நிதியில் போட்டிருந்தால் மாதக்கணக்கு. அதற்கும் முன்னால் இரண்டு டிரஸ்டிகளின் கையெழுத்து வேண்டும். ஒருவர் விடுமுறையில் இருப்பார், கையெழுத்துப் பட்டியலில் இன்னொருவர் பெயர் இரண்டு வருஷமாகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிற குழு, மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நாள் அது.

ஆகவே வகுப்பின் முடிவில் ஒவ்வொரு டிரஸ்டியும் தன் ஆலோசகரிடம் கொண்டுபோக வேண்டிய கேள்விகள் நான்கு. நம் ஏற்பாடு எத்தனை மடங்கு? வட்டி எவ்வளவு ஏறும்வரை தாங்கும்? ஈடு கேட்டால் முதலில் எதை விற்போம், பணம் வர எத்தனை நாள்? யார் கையெழுத்துப் போடுவார்கள், அவர் இல்லையென்றால் யார்? ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரலில் தந்த வழிகாட்டுதலின்படி, குறைந்தது 2.5 சதவீத உயர்வைத் தாங்கவேண்டும், அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு அதற்குமேல் தனி இருப்பும் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 2.5 சதவீத உயர்வு என்றால் 50 சதவீத நஷ்டம், ஆகவே இரண்டு மடங்குக்கு மேல் போகவே கூடாது. இந்தப் பெருக்கலை டிரஸ்டி தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் எந்த ஆலோசகரும் அவரை மிரட்ட முடியாது.

தொலைபேசி உதவி வேறு மாதிரித் தலைவலி. டிரஸ்டி கூப்பிட்டு, ‘எங்கள் விதி 14க்கு இதுதானே அர்த்தம்?’ என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் சங்கம் சட்ட ஆலோசகர் ஆகிவிடும், தவறினால் பொறுப்பும் நம் தலையில். குறிப்பிட்ட முதலீட்டைப் பற்றிப் பேசினால் இன்னும் மோசம், அதற்குத் தனி உரிமம் வேண்டும். செய்யக்கூடியது, வக்கீலிடம் கேட்கவேண்டிய கேள்வியை அவரோடு சேர்ந்து எழுதிக்கொடுப்பது. ‘இந்த விதியைப் பற்றிக் கருத்துச் சொல்லுங்கள்’ என்று அனுப்பினால் பன்னிரண்டு பக்கம் வரும், அதற்கேற்ற பில்லும் வரும். ‘நாங்கள் இதைச் செய்யலாமா கூடாதா, கூடாதென்றால் எந்த வரி தடுக்கிறது’ என்று கேட்டால் இரண்டு பக்கத்தில் முடியும்.

அடிக்கடி வரும் இன்னொரு அழைப்பு: மேலதிகாரி கூட்டத்துக்கு விடமாட்டேன் என்கிறார். இதற்குத் தயங்காமல் பதில் சொல்லலாம். 1996ஆம் ஆண்டு வேலையுரிமைச் சட்டத்தின் 58, 59 பிரிவுகள் டிரஸ்டி கடமைக்கும் பயிற்சிக்கும் நியாயமான அளவு சம்பளத்துடன் நேரம் தருகின்றன. ஒரு மாதிரிக் கடிதம் தயாராக இருந்தால் போதும்.

தேதிகளும் உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் நிதிநிலை மதிப்பீட்டை, மதிப்பிடும் தேதியிலிருந்து 15 மாதத்துக்குள் முடிக்கவேண்டும். பங்களிப்பு அடிப்படையிலான திட்டங்களில் (சேர்ந்த பணத்துக்கேற்பவே ஓய்வூதியம் கிடைப்பவை) டிரஸ்டிக் குழுத் தலைவரின் அறிக்கை ஆண்டு முடிந்த ஏழு மாதத்துக்குள், அவர் கையெழுத்தோடு. தவறினால் 500 முதல் 2,000 பவுண்டு அபராதம், ஆணையம் நினைத்தாலும் தள்ளுபடி செய்ய முடியாது. உறுப்பினர்களுக்கு இரண்டு மாதம் முன்னதாக ஒரு வரி நினைவூட்டல் அனுப்புவது எந்தக் கருத்தரங்கையும்விடப் பயன் தரும்.

இனிப் பணம். டிரஸ்டிகளிடம் பெரிய சந்தா வாங்க முடியாது. ஆகவே மாநாட்டுச் செலவை முதலீட்டு நிறுவனங்களும் சட்ட நிறுவனங்களும் ஏற்கின்றன. யாரிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கிறோமோ அவரே மண்டப வாடகை கொடுக்கிறார்! இதை ஒழிக்க முடியாது, வரம்பு கட்டலாம். நிகழ்ச்சி நிரலை முடித்தபிறகே ஆதரவாளரைத் தேடவேண்டும். அமர்வுத் தலைமை டிரஸ்டிக்கே. பேச்சுப் படங்கள் பத்து நாள் முன்னால் வந்துசேர வேண்டும், அவர்கள் விற்கிற முதலீட்டு நிதியின் பெயர் இருந்தால் நீக்கப்படும். ஒரே நிறுவனத்திடமிருந்து வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரக்கூடாது என்று எழுதிவைப்பது நல்லது. எழுதாவிட்டால் மூன்றாம் வருஷம் நிரலை அவர்கள் போடுவார்கள்.

அரசு கருத்துக் கேட்கும்போது பெரிய ஆலோசனை நிறுவனங்கள் 60 பக்கம் எழுதும். அதோடு போட்டி போடவேண்டாம். முதல் வாரத்தில் உறுப்பினர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பும் மூன்று கேள்வியும் அனுப்பி, புது விதிக்கு எத்தனை மணி நேரம் கூடுதலாகும், யார் கட்டணம் ஏறும் என்ற விவரத்தைத் திரட்டினால் போதும். அது வேறு யாரிடமும் கிடையாது.

வேலையில் சேருமுன் விசாரிக்கவேண்டியது சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை. ஓய்வூதியத் தொகையை முன்கூட்டியே உறுதிசெய்யும் நிச்சயப் பலன் திட்டங்கள் 2006இல் 7,000க்கு மேல் இருந்தன, இப்போது சுமார் 5,000. பல திட்டங்கள் தங்கள் கடப்பாட்டைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு மூடுகின்றன. இன்னும் பல, குழுவைக் கலைத்துவிட்டு ஒரே ஒரு தொழில்முறை டிரஸ்டி நிறுவனத்தை அமர்த்துகின்றன. அந்த நிறுவனம் சுதந்திரமானதாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு விதியும் பொருந்தாது. லேத் பட்டறைக்காரரின் நாற்காலி சத்தமில்லாமல் போய்விடுகிறது, அவரோடு அவருடைய சந்தாவும். நேர்காணலில் கடந்த ஐந்து ஆண்டு உறுப்பினர் கணக்கையும், சந்தாவுக்கும் ஆதரவுத் தொகைக்கும் உள்ள விகிதத்தையும் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால், கடைசி மாநாட்டின் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கி, பேசியவர்களில் எத்தனை பேர் டிரஸ்டிகள் என்று எண்ணிப் பாருங்கள்.