எல்லாருக்கும் ஒரே பேர்

ராத்திரி தூக்கம் வராமல் ஜெர்மன் பிரபு வம்சங்களைப் பற்றிப் படிக்கப்போய் ராய்ஸ் குடும்பத்தில் மாட்டிக்கொண்டேன். துரிங்கியாவில் கிரைஸ், கேரா என்று சின்னச் சின்ன ஊர்களை ஆண்டவர்கள். விசேஷம் என்னவென்றால், பிறக்கிற ஆண்பிள்ளை அத்தனைக்கும் பேர் ஹைன்ரிஷ்தான்! ஆறாம் ஹைன்ரிஷ் பேரரசருக்கு நன்றிக்கடனாம். பட்டத்துக்கு வராத பையனுக்கும் எண் உண்டு. மூத்த கிளையில் 100 வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்று. இளைய கிளையில் நூற்றாண்டு பிறந்ததும் புதிதாக ஒன்று. 1848 புரட்சியில் பதவி விலகியவர் 72ஆம் ஹைன்ரிஷ். “ஹைன்ரிஷ், சாப்பிட வா” என்று கூப்பிட்டால் பந்திக்கே ஆள் சேர்ந்திருக்கும்.

எனக்குப் பிடித்தவர் கேராவின் ஹைன்ரிஷ் போஸ்துமுஸ். அப்பா இறந்தபின் 1572இல் பிறந்தவர், அதனால் அந்தப் பட்டப்பேர். உயிரோடு இருக்கும்போதே தனக்குச் செம்பில் சவப்பெட்டி செய்யச்சொல்லி, அதில் பைபிள் வசனங்களையும் துதிப்பாடல் வரிகளையும் எழுதவைத்தார். மூடியில், பக்கங்களில், தலைமாட்டில், கால்மாட்டில் எங்கும் எழுத்து. 1635இல் அவர் போனதும் அந்த வரிகளுக்கே ஹைன்ரிஷ் ஷூட்ஸ் இசையமைத்தார் (இவரும் ஹைன்ரிஷ்! ஆனால் இந்தக் குடும்பமில்லை). நேற்று ஹெட்போனில் கேட்டேன். இசை தெரியாத எனக்கே தொண்டை அடைத்தது.

மூத்த கிளையின் ஹெர்மினே 1922இல், முடியிழந்து நெதர்லாந்தில் கிடந்த ஜெர்மன் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்முக்கு இரண்டாம் மனைவியானார். 1927இல் ஹெர்மினேயின் அண்ணன் 24ஆம் ஹைன்ரிஷோடு அந்தக் கிளையே முடிந்தது.

2022 டிசம்பரில், அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக ஜெர்மன் போலீஸ் பிடித்தவர்களில் ஒரு இளவரசர் இருந்தாரே, நினைவிருக்கிறதா? அவர் 13ஆம் ஹைன்ரிஷ்.