‘தப்பினார்’ என்று எழுதிய வழக்கு

வழக்கறிஞராகச் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, பழைய வழக்குகளைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினேன். ஆரம்ப காலக் கட்டுரை ஒன்றில், சந்தேகத்தின் பலனைப் பெற்று விடுதலையான ஒருவரைக் குறித்து ‘தண்டனையிலிருந்து தப்பினார்’ என்று எழுதிவிட்டேன். அவருடைய மகளிடமிருந்து கடிதம் வந்தது. தீர்ப்பு விடுதலை என்று சொல்லும்போது, தப்பினார் என்று எழுத உங்களிடம் என்ன சாட்சியம் இருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் உடனே எழுந்து ஆட்சேபித்திருப்பேன். நானே எழுதியபோது அது உறுத்தவே இல்லை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடச் செய்தேன்.

அதன்பின் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை எழுத எடுத்தபோது, கேட்டுப் பழகிய கதையை ஒதுக்கிவிட்டு வழக்கின் போக்கை முதலிலிருந்து படித்தேன். ‘இந்து நேசன்’ பத்திரிகையின் ஆசிரியரான லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். குற்றவாளியா இல்லையா என்று சொல்ல அந்நாளில் அமர்த்தப்பட்ட பொதுமக்களான ஜூரிகளின் முடிவை ஏற்று, திரை நடிகர்களான எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதை மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹேப்பலும் ஷஹாபுதீனும் இருவரையும் விடுதலை செய்தார்கள். பாகவதரின் சரிவைச் சொல்பவர்கள் பலர் ‘தண்டனை முடிந்து வெளியே வந்தார்’ என்கிறார்கள். தண்டனை முடியவில்லை, ரத்து செய்யப்பட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று: ஜூரிகள் காரணம் எழுத வேண்டியதில்லை என்பதால், எந்தச் சாட்சியை அவர்கள் நம்பினார்கள் என்பதற்கு ஆவணமே கிடையாது, நீதிபதிகளோ ஒவ்வொரு சாட்சியத்தையும் ஏன் ஏற்றோம், ஏன் நிராகரித்தோம் என்று எழுதியாக வேண்டும். ஒரு வழக்கைப் பின்னாளில் எழுதுபவன் பற்றிக்கொள்ள அந்தக் காரணங்கள்தாம் இருக்கின்றன.

நான் வக்காலத்து போட்ட வழக்குகளைப் பற்றி எழுதுவதில்லை. கட்சிக்காரர் என்னிடம் சொன்னது எனக்குச் சொந்தமானதல்ல.

சட்டத்தின் அரசியலை எழுதும்போது சிரமம் இன்னும் கூடுகிறது, ஏனெனில் வாசகர் முன்பே ஒரு பக்கம் நின்றுகொண்டு படிக்கிறார். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று செண்பகம் துரைராஜன் வழக்கில் தீர்ப்பளித்தது. பெரியாரின் போராட்டமும் தமிழகத்தின் கொந்தளிப்பும் தில்லியை எட்டின; அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. வழக்குத் தொடுத்த செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பிக்கவே இல்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. இதைக் கட்டுரையில் குறிப்பிட்டபோது, வழக்கே பொய் என்று நான் ஒப்புக்கொண்டதாக ஒருவரும், தீர்ப்பை இழிவுபடுத்துவதாக இன்னொருவரும் எழுதினார்கள். அவர் விண்ணப்பிக்கவில்லை என்ற ஆட்சேபத்தை அரசுத் தரப்பு வலியுறுத்தாததால்தான் நீதிமன்றம் அடிப்படை உரிமைக் கேள்விக்குள் சென்றது என்று விளக்கி, தீர்ப்பின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இருவருக்கும் அனுப்பி வைத்தேன்.