சிவிட்டா தி பான்யோரேஜோவில் மூன்று நாட்கள்

2023 அக்டோபர் 20, வெள்ளி

ஓர்வியெத்தோவில் பேருந்து ஏறி மதியம் பான்யோரேஜோ வந்து சேர்ந்தேன். இது ரோமுக்கு வடக்கே ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில், இத்தாலியின் லாட்சியோ மாநிலத்தில் உள்ளது. ஊரின் கிழக்கு விளிம்பில் நின்றால், பள்ளத்தாக்கின் நடுவே தனித்து நிற்கும் பாறையும் அதன் உச்சியில் நெருக்கியடித்து நிற்கும் கல்வீடுகளும் தெரிகின்றன. அதுதான் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் எத்ருஸ்கர்கள் என்ற பண்டைய இத்தாலிய மக்கள் குடியேறிய சிவிட்டா.

இவ்வூரின் வரலாற்றை அதன் மண்ணிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். மேலே இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகி உருவான துஃபா பாறை. அடியில் இருப்பது, இப்பகுதி கடலாக இருந்த காலத்தில் படிந்த களிமண். மழைநீரும் அடிவாரத்து ஓடைகளும் களிமண்ணை அரித்துச் சரியவைக்க, பிடிமானம் இழந்த பாறை விளிம்பு செங்குத்தாகப் பிளந்து விழுகிறது. ஒரு காலத்தில் இரு குடியிருப்புகளையும் இணைத்திருந்த நிலத்திட்டும் இப்படித்தான் கரைந்துபோனது.

அக்டோபர் 21, சனி

நுழைவுச்சீட்டு 5 யூரோ. 1965இல் கட்டிய நடைபாலம் ஏறத்தாழ 300 மீட்டர் நீளம். இறுதியில் மூச்சுவாங்கும் ஏற்றம். முந்தைய பாலம் இரண்டாம் உலகப்போரில் தகர்க்கப்பட்டது.

சாந்தா மரியா வாயிலைக் கடந்ததும் ஒரு மறுமலர்ச்சிக்கால மாளிகையின் முகப்புச் சுவர் நிற்கிறது. அதன் சன்னல்களுக்குப் பின்னால் அறைகள் இல்லை, வானம்தான் இருக்கிறது. மாளிகையின் எஞ்சிய பகுதி பள்ளத்தில் விழுந்துவிட்டது. பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையை 1257 முதல் வழிநடத்திய புனித போனவெந்தூரா பிறந்த வீட்டுக்கும் இதே கதிதான்.

சதுக்கத்தில் உள்ள சான் தொனாத்தோ ஆலயம் முன்பு ஆயரின் (பிஷப்பின்) பேராலயமாக இருந்தது. 1695ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் ஆயரும் ஊர் நிர்வாகமும் பான்யோரேஜோவுக்கு இடம்பெயர, மக்களும் சிறிது சிறிதாக வெளியேறினர். ஆலயத்தினுள் உள்ள 15ஆம் நூற்றாண்டு மரச் சிலுவைச் சிற்பத்தின் முன்னே நெடுநேரம் நின்றேன். புனித வெள்ளியன்று அதை ஊர்வலமாகப் பான்யோரேஜோவுக்கு எடுத்துச் செல்கிறார்கள்; நள்ளிரவுக்குள் திரும்பாவிட்டால் சிவிட்டா அதன்மேல் உரிமை இழந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

அக்டோபர் 22, ஞாயிறு

நிலச்சரிவுகளுக்கென்றே 2012இல் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பயணிகள் பலர் அதைத் தவிர்த்துவிட்டுப் படமெடுக்க விரைவது வருத்தமளித்தது, ஏனெனில் பாறைக்குள் எஃகுத் தண்டுகளைச் செலுத்தி விளிம்புகளை எப்படிப் பிடித்துவைக்கிறார்கள் என்பதை அங்கேதான் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆண்டு முழுவதும் இங்கே தங்குபவர்கள் ஏறத்தாழப் பத்துப் பேரே. ‘சாகும் ஊர்’ என்று இதை அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. 2013இல் ஒன்றரை யூரோவாகத் தொடங்கிய நுழைவுக் கட்டணம் இன்று ஊராட்சிக்குப் பெரும் வருவாயாக உள்ளது. அந்தப் பணத்தில் முதல் பங்கு, பாறையைத் தாங்கும் பணிகளுக்கே போகவேண்டும்.