சம்பலுக்குப் போனால் முதலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்

செந்தலை ஆமையைப் பார்க்கத்தான் மத்தியப் பிரதேசப் பக்கம் சம்பல் ஆற்றுக்குப் போனேன். குவாலியர் ஸ்டேஷன் வாசலில் டாக்சிக்காரர் கேட்ட தொகையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்தக் காசுக்கு ரெண்டு ராத்திரி ரூம் எடுக்கலாம். பேசாமல் மொரேனா பஸ் ஏறுங்கள். அங்கிருந்து தோல்பூர் போகிற பஸ் சம்பல் பாலத்தைத் தாண்டித்தான் போகும், படகுத்துறை பாலத்துக்குப் பக்கம்தான். மொரேனாவில் கஜக் வாங்காமல் நகராதீர்கள். எள்ளும் வெல்லமும் சேர்த்து அடித்து அடித்துச் செய்தது, நாக்கில் பட்டதும் உதிர்கிறது!

படகில் இருந்த அத்தனை பேரும் கரியால் முதலையைத்தான் தேடினார்கள். எனக்கு வேண்டியது செந்தலை ஆமை, அறிவியல் பெயர் பட்டாகுர் கச்சுகா. ஒருகாலத்தில் கங்கைச் சமவெளி ஆறுகளில் பரவலாக இருந்த இனம். இன்றைக்கு அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியிருப்பது சம்பல் மட்டும்தான்.

கண்டேன்! மணல்திட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது ஓர் ஆண். உச்சந்தலை குங்குமச் சிவப்பு, கழுத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடுகள். இனப்பெருக்கக் காலத்தில்தான் இந்த நிறம் இப்படி ஏறும். பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பெண், ஆணைப்போல ரெண்டு மடங்கு. பெண்ணின் ஓடு 56 செ.மீ., எடை 25 கிலோ வரை போகும். மோட்டார் சத்தம் நெருங்கியதும் ரெண்டும் தண்ணீருக்குள் சரிந்துவிட்டன. படகுக்காரரிடம் முதலிலேயே சொல்லி, தூரத்திலேயே மோட்டாரை அணைக்கச் சொல்லுங்கள்.

மார்ச், ஏப்ரலில் பெண் ஆமை கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும். மழைக்கு முன்னால் குஞ்சு பொரித்தாக வேண்டும். அந்த மணலைத்தான் டிராக்டர் டிராக்டராக அள்ளுகிறார்கள். கோபம் கோபமாக வருகிறது. 2012-ல் இதே மொரேனா மாவட்டத்தில், திருட்டுத்தனமாக வெட்டிய கல் ஏற்றிவந்த டிராக்டரை மறிக்கப்போன இளம் ஐ.பி.எஸ். அதிகாரி நரேந்திர குமார் உயிரையே விட்டார். போதாததற்கு ஆற்றின் மேல்பகுதியில் காந்தி சாகர் தொடங்கி கோட்டா வரை அணைகள். ஆற்றில் நீர் வற்றினால் திட்டு கரையோடு ஒட்டிக்கொள்ளும், நரி நடந்தே வந்து முட்டையைத் தோண்டித் தின்றுவிடும். அதனால்தான் முட்டைகளை எடுத்து, ஆற்றோரம் வேலி போட்டுப் பொரிக்கவைக்கிறார்கள்.

பிப்ரவரி கடைசி, மார்ச்தான் சரியான சமயம். பைனாகுலர் இல்லாமல் போவது வீண்செலவு. படகுக் காசை நாலு பேராகப் பங்கிட்டுக்கொண்டால் கையைக் கடிக்காது.