பண்டிதர் ஐயாவின் ஏழு மதம்

நன்னூற் பாயிரத்தில் ‘எழுவகை மதமே’ என்று தொடங்கும் நூற்பா ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டு, உயர்தரக் கலைப்பிரிவு வகுப்பில் பண்டிதர் ஐயா அதைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள், யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவிலிருந்து வரும் நண்பன் எழுந்துவிட்டான். “ஐயா, சைவம், வைணவம், பௌத்தம், சமணம், கிறிஸ்தவம், இஸ்லாம்... ஏழாவது எது?”

யாரும் சிரிக்க ஐயா இடம் கொடுக்கவில்லை. “தம்பி, நூற்பாவை வாசி” என்றார்.

வாசித்தான். உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதமேற் கொண்டு களைவே என்று போயிற்று. ஒரு சமயத்தின் பெயரும் அதில் இல்லை. முன்னோர் சொன்ன கருத்தை நூலாசிரியன் ஒருவன் எதிர்கொள்ளக்கூடிய ஏழு விதங்களே இருந்தன. ஏற்கலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுப் பின்னர் விலக்கலாம், தானாக ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம், இருவர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளலாம். மதம் என்றால் இங்கே கருத்து, அவ்வளவுதான். மறுப்பதும் ஒரு மதம் என்று பவணந்தி முனிவர் எழுதியிருப்பது அன்று எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இன்றும் அந்த ஆச்சரியம் தீரவில்லை.

பின்வரிசை வாங்கிலிருந்து அடுத்த கேள்வி வந்தது. அப்படியானால் யானைக்குப் பிடிக்கும் மதம்? ஐயா சோக்குக் கட்டியை மேசையில் வைத்துவிட்டு விளக்கினார். வடமொழியில் அவை இரண்டு வேறு சொற்கள். எண்ணுதல் என்ற வேரில் பிறந்த ‘மதம்’ ஒன்று. வெறி, களிப்பு என்ற பொருளுள்ள ‘மதம்’ இன்னொன்று. ஒன்றில் தகரம் வன்மையாக ஒலிக்கும், மற்றதில் மெலிந்து ஒலிக்கும். நம் நெடுங்கணக்கில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து என்பதால் தமிழில் இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. இங்கே ரொறன்ரோ மண்டபங்களில் யாராவது “யானைக்கு மதம் பிடித்தாலும் மனிதனுக்கு மதம் பிடித்தாலும்” என்று தொடங்கிக் கைதட்டு வாங்கும்போது எனக்குப் பொறுப்பதில்லை. எண்ணிப் பார்ப்பதிலிருந்து பிறந்த சொல்லை வெறியோடு கட்டிவைப்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

அன்றைய பாடவேளை அதோடு முடிந்தது. ஆனால் அந்தத் தவணை முழுவதும் ஐயா அந்தச் சொற்களை விடவில்லை. ஒரு நாள் திருவாசகத்திலிருந்து இரண்டு அடி எழுதினார்: “சமய வாதிகள் தத்தம் மதங்களே / அமைவ தாக அரற்றி மலைந்தனர்.” சமயமும் மதமும் ஒரே வாக்கியத்தில், ஆளுக்கொரு வேலையோடு. சமயம் அவர்கள் நிற்கும் அணி, மதம் அவர்கள் சொல்லும் கருத்து. இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பரீட்சைத்தாளில் எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு அது புதிது.

பிறகு எங்கள் வீடுகளில் என்ன சொல் வழங்குகிறது என்று கேட்டார். சோனகத் தெரு நண்பன், “எங்கள் வீட்டில் மார்க்கம் என்போம் ஐயா” என்றான். குருநகரிலிருந்து வந்த கத்தோலிக்க மாணவன் ‘வேதம்’ என்றான். ஊரில் அவர்களை வேதக்காரர் என்றே சொல்வார்கள். நாங்கள் சைவநெறி என்றோம். ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது. மார்க்கம் என்றாலும் வழி, நெறி என்றாலும் வழி. வடசொல்லை இஸ்லாமியர் வீடும் தமிழ்ச்சொல்லைச் சைவர் வீடும் வைத்திருக்கின்றன. வேதம், ஆகமம் என்று சைவர் போற்றும் இரண்டின் பெயரையும் சேர்த்து ‘வேதாகமம்’ என்று கிறிஸ்தவர் தம் நூலை அழைக்கிறார்கள். “ஒருவர் வீட்டுப் பாத்திரத்தில் மற்றவர் சமைக்கிறோம்” என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது.

யாழ்ப்பாணத்து மதில்களில் இயங்களும் வாதங்களும் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. மாக்சியம், தேசியம் என்று நாங்களும் மர நிழலில் நின்று வாதிட்டோம். ஐயா அதைத் தடுத்ததில்லை. ஒரு முறை மட்டும் வந்து நின்று, “கொள்கை, கோட்பாடு, குறிக்கோள், மேற்கோள்: நான்குக்கும் வேர் என்ன?” என்று கேட்டார். கொள். எடுத்துக்கொள்வது, பிடித்துக்கொள்வது. “குறிக்கோள் இலாது கெட்டேன்” என்று நாவுக்கரசர் பாடியதைச் சொன்னார். சித்தாந்தம் என்றால் நிறுவப்பட்ட முடிவு, அது கடைசியில் வருவது, நீங்கள் அதில் தொடங்குகிறீர்கள் என்றும் சொன்னார். எங்களுக்கு அப்போது கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்று ஏற்க எனக்குப் பத்தாண்டுகள் ஆயின.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நண்பனின் குடும்பமும் போயிற்று. நான் அதற்கு முன்பே கனடா வந்துவிட்டேன். செய்தியைக் கேட்டுவிட்டு யாருக்கும் ஒரு கடிதம்கூட எழுதாமல் இருந்தேன். இயங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவன் அன்று வாய் திறக்கவில்லை. அதை நம் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் எழுதாமல் பண்டிதரைப் பற்றி எழுதுவது முறையல்ல.

நண்பன் இப்போது புத்தளத்தில் இருக்கிறான். சென்ற ஆண்டு தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினோம். நூற்பாவை அவன் சொல்லத் தொடங்கினான். ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே’ வரை பிசகாமல் வந்தது. அதற்கு அடுத்த அடி இருவருக்கும் சட்டென்று வரவில்லை. பிறகு அவனே “இருவர் மாறுகோள்” என்று எடுத்துக் கொடுத்தான். ஐயா சொன்னவற்றை எழுதிவைத்த அவனது நன்னூற் கொப்பி அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டிலேயே தங்கிவிட்டது. என்னுடையது இடப்பெயர்வில் போயிற்று. அந்த வகுப்பில் நாங்கள் பதினேழு பேர் இருந்தோம். யாரிடமாவது அந்தக் கொப்பி இருந்தால் சங்கச் செயலாளரிடம் ஒரு நகல் கொடுத்துவையுங்கள். நான் வந்து பெற்றுக்கொள்கிறேன். இரண்டு பிரதிகள் வேண்டும்.