எலிப்பொறிக் கட்டு: கொத்தனாரிடம் முன்பே பேச வேண்டியவை

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்னும் சுவர் கட்டும் முறையில் செங்கல்லைப் படுக்க வைப்பதில்லை, விளிம்பில் நிறுத்துவார்கள். 9 அங்குலச் சுவர்தான், ஆனால் நடுவே 3 அங்குலம் வெற்றிடம். செங்கல் ஏறத்தாழ கால்வாசி மிச்சம். வெயிலும் உள்ளே இறங்கத் தயங்கும்.

கெடுவது பெரும்பாலும் கலவையால். கல் மேல் பரப்பும் கலவை உள்ளே விழுந்து வெற்றிடத்தை அடைத்தால் சூடு அதன் வழியே கடந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் இடைவெளியின் மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்துக் கலவை பரப்பி, பிறகு எடுக்கச் சொல்லுங்கள். செங்கல் ஒரே அளவில் இருப்பது அவசியம். கோணல் கல்லில் இந்தக் கட்டு நிற்கவே நிற்காது. கொஞ்சம் விலை கூடினாலும் நல்ல கல்லையே வாங்குங்கள். முதல் வரிசை, ஜன்னலின் அடிமட்டம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டம், கூரைக்குக் கீழ் வரிசை, கதவு ஜன்னல் ஓரங்கள் எல்லாம் வெற்றிடமின்றி முழுக்கட்டாக வர வேண்டும்.

மின்குழாய்களைக் கட்டும்போதே வெற்றிடத்துக்குள் இறக்கிவிடுங்கள். பிறகு சுவரைக் கொத்தினால் 3 அங்குலக் கல் உடைந்துபோகும். நிலநடுக்கப் பகுதி என்றால் மூலைகளில் அதே வெற்றிடத்தில் கம்பி நிறுத்திக் காங்கிரீட் நிரப்பலாம்.

தயவுசெய்து வெளியே சிமெண்ட் பூசி மறைக்காதீர்கள். அந்தச் செங்கல் முகம்தான் இந்த வீட்டின் அழகு.