ஓட்டை அடைபட்ட பிறகு

இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தபின், சென்ற வாரம் என் மகளுக்கு ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனை. எக்கோ, அதாவது ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை, எடுப்பதற்காக நெஞ்சில் தடவிய களிம்பு குளிர்கிறது என்று வழக்கம்போல் முகத்தைச் சுளித்தாள். இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவே ஓட்டையை அடைத்த இரட்டைத் தட்டு இரண்டு வெள்ளைக் கோடுகளாக இணையாகத் திரையில் நின்றது. வலப்பக்க அறைகள் இயல்பான அளவுக்குச் சுருங்கிவிட்டன என்று கூறிய மருத்துவர், அடுத்த வரவை இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளி வைத்தார்.

அவளுக்கு இருந்தது மேலறைத் தடுப்புச் சுவரில் ஓட்டை, ஏஎஸ்டி என்பார்கள். தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியால் பின்னிய இரட்டைத் தட்டை ஓட்டையின் இருபுறமும் விரித்து அடைத்தார்கள். அதற்கு முன்பு மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் நினைவிருக்கிறது: "கவரிங் தோடு போட்டால் பிள்ளைக்குக் காது புண்ணாகுமா?" நிக்கல் ஒவ்வாமையை அறியத்தான் அப்படிக் கேட்டார். தட்டைப் பொருத்திய மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். "தையலே போடலையா தம்பி?" என்று என் அம்மா இரண்டு முறை கேட்டார்.

அப்போது நான் தேடிப் படித்தவற்றுள் 2002-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு முக்கியமானது. குழாய்வழி அடைப்புக்கு உட்பட்ட 442 பேரையும் அறுவை சிகிச்சை பெற்ற 154 பேரையும் அது ஒப்பிட்டது. சிகிச்சை வெற்றி முறையே 95.7 விழுக்காடு, 100 விழுக்காடு. சிறியவை பெரியவை எல்லாம் சேர்த்துச் சிக்கல்கள் 7.2 விழுக்காடு, 24 விழுக்காடு. மருத்துவமனையில் தங்கியது சராசரியாக ஒரு நாள், 3.4 நாள். முதல் வாசிப்பில் நிம்மதியாக இருந்தது. ஆனால் இரு பிரிவினரும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர், அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் பொதுவாக இளையவர்கள் என்பதைக் கவனித்தபோதுதான் இந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது புரிந்தது. மேலும், ஓட்டையைச் சுற்றித் தட்டு பற்றிக்கொள்ளப் போதிய விளிம்பு இல்லாத பிள்ளைகள் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை; அவர்களுக்கு அறுவை சிகிச்சைதான் சரியான வழி, அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி 'அடைபட்டதா' என்பது மட்டுமன்று என்பது என் கருத்து. மிகுதியான இரத்தத்தைச் சுமந்து விரிந்திருந்த வலப்பக்கம் சுருங்கியதா, இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடாமல் இருக்கிறதா, தட்டு நகராமல் இருக்கிறதா என்பவையும் பலனின் பகுதிகளே. தட்டின் மேல் இதயத்தின் உட்தோல் படர்ந்து மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அதன் மேல் இரத்தம் உறையாமல் இருக்கத்தான் ஆறு மாதம் ஆஸ்பிரின் கொடுத்தோம். மிக அரிதாக, ஆயிரத்தில் ஓரிருவருக்கு, தட்டு உரசி உரசி இதயச் சுவரையோ பெருந்தமனியையோ அரித்துவிடக்கூடும். பெருந்தமனிப் பக்க விளிம்பு குறைவாக இருப்பவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல் எனக் கருதப்படுகிறது.

ஏஎஸ்டி-யின் பலனை வைத்து எல்லா ஓட்டைகளையும் எடைபோடவும் கூடாது. கீழறைச் சுவரின் சில ஓட்டைகளுக்கு மிக அருகில் துடிப்பைக் கடத்தும் நார்கள் ஓடுவதால், அங்கே தட்டு வைத்தபின் இதயத் துடிப்பு தடைபட்டு, துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படும் நிலை சிலருக்கு வரலாம். மாறாக, பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்து, பிறந்தபின் மூடாமல் நின்றுவிடும் பிடிஏ என்னும் நாளத்தில் முன்னேற்றம் வியப்பூட்டுகிறது: 700 கிராம் எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கும் பொருத்தத்தக்க சிறு அடைப்பானுக்கு அமெரிக்கா 2019-இல் ஒப்புதல் அளித்தது.

வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில், "நான் வளர்ந்தா அதுவும் வளருமாப்பா?" என்று மகள் கேட்டாள். தட்டு வளராது, அதை மூடிய சதையும் சுற்றியுள்ள இதயமும்தான் வளரும் என்றேன். அடுத்த எக்கோவுக்கு வரும்போது அவள் உயர்நிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டில் இருப்பாள். அதற்குள் நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தேதிக்காகக் காத்திராமல் உடனே வர வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.